அப்பா இல்லாத ஊருக்குத் திரும்புவது

கேள்வி இதுதான்: “மாசியில் அப்பா காலமானார். அம்மா முன்பே இல்லை. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஓட்டு வீடும் இரண்டு ஏக்கர் நஞ்சையும் இருக்கின்றன. தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். நான் கோவைக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. எல்லோரும் விற்கச் சொல்கிறார்கள். எனக்கோ அங்கேயே போய் இருந்துவிட வேண்டும் போலிருக்கிறது. கல்யாணமாகிப் போன பெண் அப்பா வீட்டில் குடியேறலாமா? எங்கிருந்து தொடங்குவது? ஆடி அமாவாசைக்கு வேதாரண்யம் போகலாமா, தம்பி இல்லாமல் நான் திதி கொடுக்கலாமா?”

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் வங்கியில் வேலை பார்த்தவள். என் அப்பா 2014 ஐப்பசியில் இறந்தார். 2016ல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊருக்கே வந்துவிட்டேன். நீங்களும் நானும் ஒரே ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்தவர்கள். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

குடியேறலாமா என்ற கேள்விக்குச் சட்டம் நேராகவே பதில் சொல்கிறது. உங்கள் அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சொந்தச் சொத்தில் உங்களுக்கும் தம்பிக்கும் சம பங்கு. (கிறித்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் சட்டம் வேறு.) அப்பாவின் அம்மா, அதாவது உங்கள் பாட்டி, உயிரோடு இருந்தால் அவருக்கும் அதே அளவு பங்கு உண்டு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பூர்வீகச் சொத்து என்றாலும் கவலைப்பட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1989லேயே மகளுக்குப் பிறப்பால் பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன் கல்யாணமானவர்களை அது சேர்க்கவில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது.

உங்கள் மனத்தை உறுத்துவது வீடுதான் என்று நினைக்கிறேன். அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. பழைய சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகளாக முன்வந்து பிரித்துக்கொள்ளும் வரை மகள் அதில் பாகம் கேட்க முடியாது என்றது அது. தங்கும் உரிமைகூடக் கல்யாணமாகாதவளுக்கும், விதவைக்கும், கணவனைப் பிரிந்தவளுக்கும் மட்டும்தான். கணவனோடு வாழ்கிறவளுக்குப் பிறந்த வீட்டில் தங்கச் சட்டப்படி இடமே இல்லை. 2005ல் அந்தப் பிரிவை அடியோடு நீக்கிவிட்டார்கள். ஆகவே ஊரில் யாராவது “பெண்பிள்ளைக்கு இங்கே என்ன” என்று கேட்டால், அவர் இருபது வருடத்துக்கு முந்தைய சட்டத்தைப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். இப்போதைக்கு விற்கவும் வேண்டாம், மூட்டை கட்டவும் வேண்டாம். தலைத்திவசம் முடியும் வரை சொத்தில் கை வைக்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். சாங்கியத்துக்காக இல்லாவிட்டாலும், அந்த ஒரு வருடம் உங்களுக்குத் தேவைப்படும். ஏனென்றால் நீங்கள் ஊர் என்று நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி உங்கள் அப்பா. நீங்கள் பொங்கலுக்குப் போய் இறங்கியதும் பால் வந்தது, இளநீர் வந்தது, வாய்க்காலில் மீன் பிடித்தவர் பாதியை உங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். இவையெல்லாம் அவர் நாற்பது ஐம்பது வருடம் கொடுத்து வாங்கிச் சேர்த்த உறவின் பலன். அவர் போன பிறகு அவை கொஞ்ச நாள் ஓடும், பிறகு நின்றுவிடும். நின்றதும் ஊர் மாறிவிட்டது என்று நமக்குத் தோன்றும்.

எனக்கு இதைப் புரியவைத்தது அப்பாவின் கணக்கு நோட்டு. கூடத்துப் பத்தாயத்தின் மேல், பழைய பஞ்சாங்கங்களுக்கு அடியில் இருந்தது. நீளவாக்கில் மடித்துத் தைத்த நோட்டு, அட்டையில் எண்ணெய்க் கறை. உள்ளே பென்சிலில் அவருடைய சாய்ந்த எழுத்து: டிராக்டர் மூன்று மணி நேரம், பாக்கி 600. கீழத்தெருவுக்கு உளுந்து விதை நான்கு மரக்கால் கொடுத்தது. தேங்காய் பறித்த கூலி, இரண்டு தவணை பாக்கி. பின்பக்கத்திலிருந்து திருப்பினால் மொய்க் கணக்கு: யார் வீட்டுக் காதுகுத்துக்கு எவ்வளவு வைத்தார், நம் வீட்டு விசேஷத்துக்கு யார் எவ்வளவு வைத்தார்கள் என்று இருபது வருடத்துக்கானது. கடைசிப் பதிவு அவர் மருத்துவமனைக்குப் போவதற்கு நான்கு நாள் முன்னால்.

கருமாதி முடிந்த மூன்றாம் நாள் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். டிராக்டர்காரர், “அப்பா அதைக் கொடுத்துவிட்டாரே” என்று பணத்தைத் தொடவில்லை. கொடுத்திருந்தால் அப்பா அந்த வரியை அடித்திருப்பார், நோட்டில் அது அடிபடவில்லை. வற்புறுத்தியும் அவர் வாங்கவில்லை. தேங்காய் பறிப்பவர் வாங்கிக்கொண்டு, தலைப்பாகையை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்தார். ஒரு பாட்டி, நோட்டில் இல்லாத 300 ரூபாய் அப்பா தர வேண்டியிருக்கிறது என்றார். கேள்வி கேட்காமல் கொடுத்தேன். அன்று சாயங்காலம் திரும்பும்போது ஒன்று தெரிந்தது. அப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட அந்தத் தெருவுக்கு அதிகம் தெரிந்திருந்தது.

அதனால் உங்களுக்கும் அதையே சொல்கிறேன். பட்டாவுக்கும் முன்னால் அப்பாவின் கொடுக்கல் வாங்கலைப் பாருங்கள். மளிகைக் கடை, உரக்கடை, கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், நகைக்கடன், எல்லாவற்றையும் நேரில் போய்க் கேளுங்கள். மொய் நோட்டு இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அப்பா வாங்கிய மொய்யை நீங்கள் திருப்பிச் செய்யத் தொடங்கும் நாளில்தான் அந்த ஊரில் உங்கள் பெயரில் ஒரு பக்கம் திறக்கும். என்னை முதல் இரண்டு வருடம் அப்பா பெயரைச் சொல்லி “அவர் மகள்” என்றே அழைத்தார்கள். பிறகு அது அக்கா ஆயிற்று, இப்போது தெருப் பிள்ளைகளுக்கு நான் அத்தை.

வங்கிக்காரியாக ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் ஏ.டி.எம். அட்டையை எடுத்துப் பணம் எடுக்காதீர்கள், செலவு அவருக்கே ஆனதாக இருந்தாலும். ஓய்வூதியம், விவசாயி உதவித்தொகை எது வந்துகொண்டிருந்தாலும் இறப்பைத் தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காவிட்டால் பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். கணக்கில் நியமனதாரராக (நாமினியாக) ஒருவர் பெயர் இருப்பதாலேயே பணம் அவருடையதாகிவிடாது. அவர் வாங்கி, வாரிசுகளுக்குச் சேர்க்க வேண்டியவர்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்திருப்பீர்கள். இல்லையென்றால் உடனே செய்யுங்கள், ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் வரை அலைய நேரும். சான்றிதழில் அப்பாவின் பெயர், தாத்தாவின் பெயர், எழுத்துக்கு எழுத்து ஆதாரிலும் பத்திரத்திலும் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். அதில் விழுந்த ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பிறகு வட்டாட்சியர் தருவார். தம்பி வெளிநாட்டில் இருப்பதால் அவர் பெயரை விட்டுவிட்டு எளிதாக முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். நம் பக்கத்தில் பத்து வீட்டில் ஏழெட்டு வீட்டுப் பட்டா இறந்தவர் பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கும். எங்களுடையது தாத்தா பெயரில் இருந்தது. எண்பதுகளில் நடந்த யு.டி.ஆர். என்ற நில ஆவணப் புதுப்பிப்பில் ஒரு சர்வே எண்ணின் உட்பிரிவு பக்கத்து வயல்காரருக்கும் சேர்ந்துபோயிருந்தது. அப்பா எல்லையை வாய்ச்சொல்லால் காப்பாற்றி வந்திருக்கிறார். அ-பதிவேடு (ஊர் நிலங்களின் பதிவேடு), புலப்படம் (நில அளவு வரைபடம்), சிட்டா, அடங்கல் (பயிர்க் கணக்கு) நான்கையும் எடுத்து, பத்திரத்தில் உள்ள நான்கு மால்களோடு, அதாவது எல்லைகளோடு, ஒப்பிடுங்கள். வில்லங்கம் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அதில் கிடைக்காத பழைய வருடங்களுக்கு வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடச் சொல்ல வேண்டும்.

தாத்தா பெயரில் பட்டா என்றால் அத்தைமார்கள் வந்துவிடுவார்கள். என் கதையில் எனக்கு மிகவும் கலக்கமாக இருந்த இடம் அதுதான். தாத்தா இறந்தது 1981ல். அவர் பங்கில் அப்பாவுக்கு மட்டுமல்ல, அப்பாவின் அக்காவுக்கும் உரிமை உண்டு. அத்தை நாகப்பட்டினத்தில் இருந்தார், எண்பதைத் தொட்ட வயது. பத்திர எழுத்தர் ஒருவர், “அந்தம்மாவுக்கு எங்கே தெரியப்போகிறது, விட்டுவிடுங்கள்” என்றார். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. வெற்றிலை பாக்கு, பூ, ஒரு புடவையோடு அத்தை வீட்டுக்குப் போய், “உங்களுக்குப் பங்கு இருக்கிறது அத்தை. வேண்டுமானால் பிரித்துத் தருகிறேன், வேண்டாமென்றால் விடுதலைப் பத்திரம் எழுதித் தாருங்கள்” என்று நேராகவே கேட்டேன்.

அத்தை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அவன் போன வருஷமே பொங்கல் சீர் நின்றுபோயிற்று” என்றார். கல்யாணமான வருடத்திலிருந்து, அறுபது வருடத்துக்கு மேல், தாத்தாவும் அவருக்குப் பிறகு அப்பாவும் தவறாமல் அனுப்பிய சீர். ஒரு மஞ்சள் கொத்து, கரும்பு இரண்டு, புது அரிசி, வெல்லம். நான் மகள் என்பதால் அதை என்னிடம் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. “நான் அனுப்புகிறேன் அத்தை” என்றேன். மறுவாரம் மகனைக் கூட்டிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்கு வந்து கைரேகை வைத்தார். அதன் பிறகு அவர் இருந்த ஆறு பொங்கலுக்கும் சீர் போயிற்று. நாகப்பட்டினம் பஸ்ஸில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

உங்கள் தம்பியைப் பற்றியும் இங்கேதான் சொல்ல வேண்டும். அவர் “எல்லாம் நீயே வைத்துக்கொள் அக்கா” என்று தொலைபேசியில் சொன்னால் அதை நம்பி வீட்டுக்குப் பணம் போடாதீர்கள். அவரைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. பத்து வருடம் கழித்து அவர் பிள்ளைகளுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் நடுவில் இந்த வாய்ச்சொல் நிற்காது. பாகப்பிரிவினையோ விடுதலையோ பதிவு செய்துகொள்ளுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை, வெளியாருக்குக் கிரயம் எழுதுவதைவிடப் பல மடங்கு குறைவு. அவரால் வர முடியாவிட்டால் அங்குள்ள இந்திய உயர் ஆணையத்தில் (ஹை கமிஷன்) அத்தாட்சி பெற்று அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பத்திரம் எழுதும்போது, அவர் வரும்போதெல்லாம் தங்க வீட்டில் ஓர் அறை அவருக்கு என்று நீங்களாகவே சொல்லுங்கள். அவருக்கும் அதுதானே பிறந்த வீடு.

நிலத்தை யார் சாகுபடி செய்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. குத்தகைக்கு இருந்தால், வந்ததும் “இனி நானே பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிடாதீர்கள். 1955ஆம் ஆண்டு சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குக் காப்பு. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் பெயர் குத்தகைப் பதிவேட்டில் ஏறியும் இருக்கலாம். சட்டத்தை விடுங்கள். முப்பது வருடம் அந்த மண்ணில் நின்றவர் அவர், நாம் ஜன்னலோரம் உட்கார்ந்து ரயிலில் போய்விட்டவர்கள். கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அது வேறெங்கோ அல்ல, நம் பழைய தஞ்சை மாவட்டத்தில்தான் நடந்தது. இந்தப் பகுதியில் நிலத்தோடு திரும்பி வருகிற எவரும் அந்த நினைவோடுதான் வர வேண்டும் என்று நினைக்கிறேன். குத்தகைதாரரிடம் முதலில் உட்கார்ந்து பேசுங்கள். நான் எங்கள் ஒன்றரை ஏக்கரை இன்றுவரை எடுக்கவில்லை. எங்கள் குத்தகைதாரர் நெல் அளக்கிறார், சாப்பாட்டுக்குப் போதும்.

இரண்டு ஏக்கர் நஞ்சை ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும். பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் அதிலிருந்து வராது. எனக்கு ஓய்வூதியம் இருந்ததால் முடிந்தது. உங்களுக்கு மாத வருமானம் எங்கிருந்து வரும் என்பதையும், உங்கள் கணவர் இதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதையும் நீங்கள் எழுதவில்லை. என் கணவர் முதல் வருடம் திருச்சியிலேயே இருந்தார், சனி ஞாயிறு வந்து போனார். அந்த இடைவெளி எங்கள் இருவருக்கும் நல்லதாகவே இருந்தது.

முடிவு எடுப்பதற்கு முன் வருடத்தில் மூன்று தடவை போய்ப் பத்துப் பத்து நாள் தங்குங்கள். கோவையிலிருந்து மன்னார்குடிக்குச் செம்மொழி எக்ஸ்பிரஸ் இருக்கிறது, இரவு ஏறினால் காலையில் ஊர். ஒரு தடவை தண்ணீர் வரும்போது போங்கள். ஜூன் 12ல் மேட்டூர் திறந்தாலும், கல்லணை தாண்டி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பாமணியாறு, கோரையாறு என்று பிரிந்து நம் கடைமடைக்கு வர நாளாகும். திறக்கவே தாமதமாகிற வருடங்களும் உண்டு. 2024ல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். இன்னொரு தடவை தை அறுவடைக்கு. அறுப்பதற்கு ஒரு வாரம் முன் நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளிப்பதை நீங்கள் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டிவைத்து, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இறங்கும் வரை பனியில் காவல் கிடப்பதையும் பாருங்கள்.

ஆனால் கட்டாயமாகப் போக வேண்டியது ஐப்பசியில். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் மட்டும் வருகிறவர்களுக்கு ஐப்பசி தெரியாது. கொல்லை முழுக்கத் தண்ணீர், விறகு நனைந்துபோகும், மின்சாரம் போனால் எப்போது வரும் என்று தெரியாது, சமையலறைக்குள் பாம்பு வரும். வந்த மூன்றாம் வருடம், 2018 நவம்பர் 16 அதிகாலை, எங்களுக்குக் கஜா புயல் வந்தது. முதலில் ஒரு பக்கமிருந்து அடித்த காற்று கொஞ்சம் ஓய்ந்து, பிறகு எதிர்ப்பக்கமிருந்து அடித்தது. அந்த இரண்டாம் அடியில்தான் மரங்கள் போயின. அப்பா வைத்த பதினான்கு தென்னையில் விடிந்தபோது மூன்று நின்றன. 26 நாள் மின்சாரம் இல்லை. அந்த நாட்களில் எங்கள் கொல்லைக் கைப்பம்பில் மட்டும் குடிக்கிற தண்ணீர் வந்தது, சுற்றிலும் உப்பு. தெருவே எங்கள் கொல்லையில் நின்றது. திரும்பிப் போய்விடலாமா என்ற யோசனை அதன் பிறகு எனக்கு வரவில்லை.

கடைசியாக வீடு. பூட்டிய ஓட்டு வீடு சீக்கிரம் சாகும். ஓர் ஓடு விலகினால் போதும், அதன் கீழே ரீப்பர் நனைந்து, கைமரம் நனைந்து, கரையான் ஏறி, இரண்டு மழையில் உத்திரத்துக்கு வந்துவிடும். வாரம் ஒரு முறை திறந்து, கூட்டி, அடுப்பு மூட்டிப் புகை காட்ட ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள். நான் பின்சுவருக்குப் பூசினேன். உள்ளே இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, இரண்டாம் வருடம் பாளம் பாளமாக விழுந்தது. கொத்தனார்களில் வயதானவராகத் தேடினால் சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் இன்னும் கிடைப்பார்.

ஆடி அமாவாசைக்கு வேதாரண்யம் போகலாமா, தம்பி இல்லாமல் நான் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சாத்திரம் பேச நான் ஆள் இல்லை. நான் போனேன். சன்னதிக் கடலில் முழுகி, எள்ளும் தண்ணீரும் கையால் விட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. போய்விட்டு, வரும் வழியில் ஊரில் இறங்குங்கள். ஓடு மாற்றுகிற ஆட்கள் ஆவணி பிறந்துவிட்டால் கிடைக்கமாட்டார்கள். முதல் வேலையாக ஒருவரைக் கூட்டிவந்து கூரையைக் காட்டி, மழைக்கு முன்னால் பிரித்து அடுக்கச் சொல்லி முன்பணம் கொடுத்துவிடுங்கள். உடைந்ததற்கு மாற்றாகப் போட உங்கள் அப்பா கொல்லையில் எங்காவது பழைய ஓடு அடுக்கி வைத்திருப்பார், தேடிப் பாருங்கள்.